கடைசிப் பக்கத்தில் ஒரு தீராத கணக்கு

எங்கள் கணிதத் துறையில் எடுத்துக்காட்டு கேட்பது மரியாதைக் குறைவு. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் அது புரிந்துவிடும். கருத்தரங்கில் ஒருவர் கரும்பலகை நிறைய வரையறை எழுதுவார், அதன் கீழே தேற்றம் எழுதுவார், நிரூபிப்பார், கையிலிருக்கும் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு உட்காருவார். நாங்கள் தலையாட்டுவோம். அதற்குப் பிறகு யாராவது "இதுக்கு ஒரு உதாரணம்" என்று வாயெடுத்தால், கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் சம்பளத்தை மைக் வைத்துக் கேட்டதுபோல ஆகிவிடும். என்னுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். "உதாரணமெல்லாம் ஸ்கூல் பிள்ளைகளுக்கும்மா. நம்ம பொதுவா யோசிக்கிற ஆளுக" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சோழவந்தான் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற வீட்டில் பிறந்தவள். மதுரையில் படிப்பதற்காக விளாங்குடியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து காளவாசல் போய், பஸ் மாறி, மேற்கே மலையடிவாரத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்கும் நாள் நல்ல நாள்.

என் ஆராய்ச்சி என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு சுருக்கமான பதிலை நான் தயார் செய்யவே இல்லை. இப்போது முயல்கிறேன். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று என்று வைத்துக்கொள்வோம். எதை மூன்று முறை கூட்டினாலும் பூஜ்யம் ஆகிவிடுகிற ஒரு எண் உலகம் உண்டு. இன்னொரு பக்கம், மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று மூன்றின் அடுக்காக உறுப்பினர்கள் இருக்கும் குழுக்கள் உண்டு. அந்தக் குழு, அந்த எண் உலகத்து வெக்டார்களை எப்படியெல்லாம் இடம் மாற்றி வைக்கலாம் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அப்படி ஒரு குழுவின் ஆட்டத்துக்கு உட்பட்ட வெக்டார்களின் கூட்டத்தை மாட்யூல் என்போம். மற்ற உலகங்களில் எல்லாவற்றையும் கூட்டி, உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, சராசரி எடுத்து நிம்மதியாக இருப்பார்கள். எங்கள் உலகத்தில் அந்த எண்ணிக்கையே பூஜ்யம் என்பதால் வகுக்க முடியாது. சராசரி எடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார்கள்.

இந்த உலகத்தில் நம்பிக்கையாகப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம் உண்டு. எந்த மாட்யூலை எடுத்தாலும், அது வெறும் பூஜ்யமாக இல்லாதவரை, குழு என்ன குதி குதித்தாலும் நகராத வெக்டார் ஒன்றாவது அதில் இருக்கும். எங்கள் பேராசிரியர் தம் இளமையில் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுவகை மாட்யூலை வரையறுத்தார். ஒரு வெக்டாரைக் குழுவிலுள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு முறை நகர்த்தட்டும், கிடைத்தவற்றையெல்லாம் கூட்டுங்கள். அந்த மொத்தம் நகராது. நகராத வெக்டார் ஒவ்வொன்றும் இப்படி வந்த மொத்தமாகவே இருந்தால், அந்த மாட்யூலுக்கு 'டோட்டல் மாட்யூல்' என்று பெயர். வரையறையை இவ்வளவு எளிதாக அவர் எழுதவில்லை. மூன்று நிபந்தனைகள், மேலும் கீழும் பக்கவாட்டிலும் குறியீடுகள், பார்த்தாலே கும்பிடத் தோன்றும்.

அந்த வரையறைக்கு அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு ஒரு வம்சமே உருவானது. முதல் மாணவர், இரண்டு டோட்டல் மாட்யூல்களைச் சேர்த்தால் வருவதும் டோட்டல்தான் என்று நிரூபித்து, திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில் துறைத் தலைவர் ஆனார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். இரண்டாமவர், டோட்டல் மாட்யூலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் டோட்டல்தான் என்று நிரூபித்துப் பட்டம் வாங்கிய கையோடு வங்கி வேலைக்குப் போய்விட்டார். எங்களில் கணக்கை வைத்துப் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாவதாக வந்த எனக்குப் பெருக்கல் விழுந்தது. டோட்டல் மாட்யூலை வேறெந்த மாட்யூலோடு பெருக்கினாலும் விடை டோட்டல்தான் என்று நான் நான்கு அத்தியாயங்களில் நிரூபித்தேன். அதற்கு ஆறு வருடம் ஆனது. எல்லாமே ஏன் இவ்வளவு ஒழுங்காகச் சரியாக வருகிறது என்று எங்களில் யாருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. பேராசிரியர் அதை வரையறையின் மகிமை என்று சொல்வார்.

அந்த ஆறாவது வருடம் நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் இடம் காலியானது. முதல்வர் அம்மா என்னை நேரில் பார்த்துப் பேசி, பிடித்துப்போய், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஜூன்ல காலேஜ் திறக்கறப்ப பட்டம் கையில இருக்கணும். இல்லேன்னா நான் வேற ஆளப் போட்டுருவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, வெறியாக வேண்டும். அண்ணன் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் நல்லவர்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு வருடம் பாய் விரித்துப் படுத்தவளுக்குத்தான் சொந்தமாக ஒரு அறையும் கதவும் எதற்கு என்று தெரியும். மதினி ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் கேட்பாள்: "ஏத்தா, இன்னும் எம்புட்டுதான் படிப்பே?"

அதனால் வேகமாக டைப் அடிக்கக் கொடுத்தேன். மேலமாசி வீதி டைப்பிங் கடைகளில் ஆங்கிலம் பறக்கும். கணிதக் குறியீடு என்றால் இடம் விட்டுவிடுவார்கள். கார்பன் வைத்து அடித்த எல்லாப் பிரதிகளிலும் அந்த ஓட்டைகளை நாமே கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். என் ஆய்வேடு திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பாதி ஓட்டை. "லெட் பி எ டோட்டல் மாட்யூல் ஓவர்" என்று படித்துப் பார்த்தால் எனக்கே எதுவும் புரியவில்லை. விளாங்குடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் ஒரு கருத்தரங்கம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் புதிதாக வந்த ஒரு இளம் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். பம்பாயில் படித்துவிட்டு வந்தவர்; எங்கள் துறையின் பழக்கவழக்கம் இன்னும் பிடிபடவில்லை. அவர் எழுந்து, நல்ல எண்ணத்தோடுதான், "ஒரு டோட்டல் மாட்யூல் காட்ட முடியுமா? சின்னதாப் போதும்" என்றார்.

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர், கேட்க வந்திருந்த திருப்பரங்குன்றத்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "ஃப்ரீ மாட்யூல் எல்லாமே டோட்டல்தான்" என்று நான் சொன்னேன். ஃப்ரீ மாட்யூல் என்பது எம்.எஸ்ஸி. புத்தகத்தின் முதல் பாடத்திலேயே வருவது. குழுவையே அப்படியே நகல் எடுத்து அடுக்கி வைத்தது. அதைவிடச் சாதாரணமான மாட்யூல் கிடையாது. "சரிங்க, ஃப்ரீ இல்லாததா ஒண்ணு?" என்றார் அவர். பேராசிரியர் எழுந்து, "டீ ஆறிரும்" என்றார். கருத்தரங்கம் முடிந்தது. அடுத்த வாரக் கால அட்டவணையில் அந்த விரிவுரையாளருக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்புகள் அத்தனையும் கிடைத்தன.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேற்று வந்த ஆள் என்னை ஊமையாக்கிவிட்டாரே என்ற கோபம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதினி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டை அடைப்பதை நிறுத்திவிட்டு, அந்த மனிதர் முகத்தில் விட்டெறிய ஃப்ரீ இல்லாத ஒரு டோட்டல் மாட்யூலைச் செய்ய உட்கார்ந்தேன். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அடிப்படை மாட்யூல்கள் மூன்றே மூன்றுதான். ஒற்றை, இரட்டை, மூன்று அடுக்கு. ஒற்றையில் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம்; டோட்டல் இல்லை. இரட்டையிலும் பூஜ்யம்; டோட்டல் இல்லை. மூன்று அடுக்கு டோட்டல். ஆனால் அது ஃப்ரீ. சரி, குழு சிறியதாக இருப்பதால் இப்படி என்று நினைத்துக்கொண்டு பெரிய குழுவுக்குப் போனேன். அங்கேயும் டோட்டலாக வந்தது எல்லாம் ஃப்ரீயாகவே வந்தது. நான் எங்கே போனாலும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

சோறு வெந்து, குழம்பு இறங்கி, "சாப்ட வாத்தா" என்று மதினி இரண்டு முறை கூப்பிட்ட பிறகு எனக்கு விஷயம் உறைத்தது. டோட்டல் மாட்யூலை எடு. நகராத வெக்டார்கள் எந்தெந்த வெக்டார்களின் மொத்தமோ அந்த வெக்டார்களைப் பிடி. அவை சேர்ந்து ஒரு ஃப்ரீ மாட்யூலை உண்டாக்கும். எங்கள் உலகத்தில் ஃப்ரீ மாட்யூலை எதற்குள்ளிருந்தும் சேதமில்லாமல் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். எடுத்த பிறகு மிஞ்சுவதில் நகராத வெக்டார் ஒன்றுகூட இருக்காது, எல்லாம் எடுத்த பாகத்தோடு போய்விட்டது. நகராத வெக்டார் இல்லாவிட்டால் அந்த மிச்சம் வெறும் பூஜ்யம். ஆக, டோட்டல் மாட்யூல் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் அந்த முதல் பாடத்து ஃப்ரீ மாட்யூல்தான்.

முழு நிரூபணமும் ஒரு பக்கத்தில் அடங்கியது. கொஞ்ச நேரம் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை. கை கழுவப் போய் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அடுத்தது புரிந்தது. ஃப்ரீ மாட்யூலை எதோடு பெருக்கினாலும் ஃப்ரீதான் என்பது எந்தப் புத்தகத்திலும் ஒரு வரியில் இருக்கும். என் நான்கு அத்தியாயம், என் ஆறு வருடம், அந்த ஒரு வரி. அண்ணனுடைய ஆய்வேடு அரை வரி. பேராசிரியருடையது, நல்ல வார்த்தையாகச் சொன்னால், ஒரு புதுப் பெயர்.

திங்கள்கிழமை துறையில் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கே.கே. நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துச் செடிக்கு வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டு அந்தக் காகிதத்தை வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்; அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவருக்குக் கணக்கு தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. தப்பு இருந்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

"எல்லாமேயாம்மா?" என்றார்.

"எல்லாமே சார்."

"என்னோடதுமா?"

எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியை இருவரும் குடித்தோம். காப்பி முடிவதற்குள் அவர் தேறிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதர் தேறி நான் பார்த்ததில்லை.

"உன் நாலு சாப்டர்ல ஏதாச்சும் தப்பு இருக்கா?" என்றார்.

"இல்ல சார். எல்லாம் சரிதான்."

"அப்புறம் என்னம்மா பிரச்சனை? சரியானத சரின்னு எழுதியிருக்கோம்."

"ஆனா அதுல ஒண்ணுமே இல்லையே சார்."

"ஒரு பக்கத்துக்கு யாரும் பட்டம் குடுக்க மாட்டாக. தீசிஸ்னா கையில கனக்கணும்" என்றார். பிறகு பக்கத்து வீட்டில் போய் அண்ணனுக்கு டெலிபோன் செய்தார்.

அண்ணன் திருப்பரங்குன்றத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். காகிதத்தைப் படித்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. அவர் கோபப்படவில்லை, கெஞ்சினார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி, நீ செஞ்சது கரெக்டு. நேரந்தான் சரியில்ல. எனக்கு வார டிசம்பர்ல ப்ரமோஷன் இன்டர்வியூ இருக்கு. அது முடிஞ்சு கண்டுபிடிச்சிருக்கலாம்ல?"

"தெரிஞ்சா செஞ்சேன் அண்ணே? உதாரணம் தேடப் போனேன்."

"அங்கிட்டு எதுக்குப் போன? நாங்க போனமா?"

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்தார். கண்ணைத் திறந்தபோது தீர்வு இருந்தது. எங்கள் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கத்தில் 'மேலும் ஆராய வேண்டியவை' என்று ஒரு பக்கம் இருக்கும். நமக்குத் தெரியாதவற்றைக் கேள்வியாக எழுதி, அடுத்து வருபவர்களுக்கு விட்டுவைக்கும் இடம். "டோட்டல் மாட்யூல் எல்லாமே ஃப்ரீயான்னு ஒரு கேள்வியா அங்க போட்டுரு. ஓப்பன் ப்ராப்ளம். பிரமாதமா இருக்கும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "சார், அது தெரிஞ்சுபோச்சே" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? நம்ம மூணு பேருக்கு" என்றார். "நீ போடு. ஜூன்ல வேலையில சேரு. கணக்கு எங்கயும் ஓடிறாது."

விடை தெரிந்த கேள்வியைத் தீராத கேள்வி என்று எழுதச் சொன்ன வழிகாட்டியை உலகத்தில் வேறு எந்தத் துறையில் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு வாசல் தாண்டாது. புதிதாக எழுத இன்னும் ஆறு வருடம் என்னிடம் இல்லை. கேள்வியைப் போட்டேன். அந்தப் பக்கத்து ஓட்டைகளை நிரப்பும்போது மட்டும் பேனாவை அழுத்தி எழுதியதில் நிப்பு வளைந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வு மே மாதம் வந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சென்னையில் ஓய்வுபெற்ற பெரியவர். பேராசிரியருடையது தொடங்கி எங்கள் எல்லோருடைய ஆய்வேடுகளையும் அவர்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார். வருகிறவருக்கு முதல் நாள் திருப்பரங்குன்றத்தில் அண்ணன் ஏற்பாட்டில் தரிசனம், மறுநாள் தேர்வு, தேர்வு முடிந்ததும் வாழையிலைச் சாப்பாடு. எங்கள் துறையில் பரீட்சகரை வெறும் வயிற்றோடு கேள்வி கேட்க விடுவதில்லை. நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார். விளாங்குடி அண்ணனும் மதினியும் பட்டுடுத்தி இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். மதினி ஒரு டிபன் பாக்ஸில் அதிரசம் கொண்டுவந்திருந்தாள். பம்பாய் விரிவுரையாளர் பின்னால் இருந்தார்.

நான் நான்கு அத்தியாயங்களையும் சொல்லி முடித்தேன். பெரியவர் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். எல்லாம் பக்க எண்ணைப் பற்றியவை. எல்லாம் சுபமாக முடிகிற நேரத்தில் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இந்தக் கேள்வி நல்லாருக்கே. டோட்டல் மாட்யூல் எல்லாம் ஃப்ரீயா? இதப் பத்தி ஏதாவது யோசிச்சீங்களாம்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் பேராசிரியர் முந்திக்கொண்டார். "அது ரொம்ப ஆழமான ப்ராப்ளம் சார். அடுத்த வருஷம் ஒரு பையன் வந்து சேர்றான். அவனுக்கு அதத்தான் குடுத்துருக்கேன்."

அதுவரை எனக்கு இது தெரியாது. என் விடையை ஒரு கேள்வியாக மாற்றியது போதாது என்று, அந்தக் கேள்வியை இன்னொருவனுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவன் ஆறு வருடம் கழித்துக் கண்டுபிடிப்பான்; ஒரு பக்கத்தை நான்கு அத்தியாயமாக ஆக்கிக் கண்டுபிடிப்பான். "இன்னும் யோசிக்கல சார்" என்று நான் சொன்னால் போதும், பட்டம் என்னுடையது, வேலை என்னுடையது, கதவு என்னுடையது. இதை எல்லாம் நான் தெளிவாக நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் கால் முதலில் போய்விடும். பார்த்தால் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்கிறேன்.

முழுதும் எழுதினேன். அவசரப்படவில்லை. கடைசி வரியில் மிச்சம் பூஜ்யம் என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணே என்று நான் கூப்பிடும் துறைத் தலைவர் தலையைக் கையில் தாங்கியிருந்தார். பேராசிரியரின் முகத்தை நான் பார்க்கவில்லை. மதினிதான் பார்த்தாள். நான் இடத்துக்குத் திரும்பியபோது முன்னால் குனிந்து, "என்னத்தா, தப்பாப் போட்டுட்டியா? உங்க சார் மூஞ்சி செத்துப்போச்சு" என்றாள்.

"சரியாப் போட்டுட்டேன் மதினி" என்றேன். ஜூன் மாதம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பெரியவர் கரும்பலகையை வரி வரியாகப் படித்து முடித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். ஆய்வேட்டில் உள்ள நான்கு அத்தியாயங்களிலும் பிழை எதுவும் இல்லை. எனவே பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் தீராதது என்று எழுதியிருக்கும் கேள்வி இப்போது தீர்ந்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்தை நீக்கிவிட வேண்டும். சரி, நீக்கிவிட்டு அந்த இடத்தில் இந்த நிரூபணத்தைச் சேர்க்கட்டுமா என்று நான் கேட்டேன். பேராசிரியர் விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார். நீக்குவதற்கு வழிகாட்டியின் கையெழுத்து போதும். சேர்த்தால் அது புது ஆய்வேடு, மறுபடி முதலிலிருந்து சமர்ப்பிக்க வேண்டும். பெரியவரும் அதை ஆமோதித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மதினி அதிரசம் கொடுத்தாள். நிரூபணம் ஆய்வேட்டில் வராததால் தன் ப்ரமோஷனுக்கும் ஆபத்து இல்லை என்பது அதிரசத்தைக் கடிக்கும்போது திருப்பரங்குன்றத்து அண்ணனுக்குப் புரிந்து, இரண்டாவதாக ஒன்று எடுத்துக்கொண்டார்.

பெரியவரை ரயிலேற்றிவிடக் காரில் நானும் போனேன். காளவாசல் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பி, கனிவாகவே பேசினார்.

"நீங்க போட்ட ப்ரூஃப் அருமை. ஆனா அது பழைய ரிசல்ட்டும்மா. ரொம்ப வருஷமாப் புத்தகத்துல இருக்கு, வேற பாஷையில, வேற பேர்ல. உங்க லைப்ரரில அந்தப் புத்தகம் இருக்காது."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்றேன்.

"உங்க சாரோட தீசிஸ் வந்தப்பவே தெரியும்."

"அப்புறம் எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க? அவருக்கு, அந்த அண்ணனுக்கு, எல்லாருக்கும்?"

"தப்பு எதுவும் இல்லையேம்மா" என்றார். பிறகு, "ஒவ்வொரு தடவையும் யாராவது கேப்பாங்கன்னு பாப்பேன். யாரும் கேக்கல. நானா எப்படிச் சொல்றது? சாப்பாடெல்லாம் போட்டு இம்புட்டு மரியாதையா நடத்துறாங்க" என்றார். மதுரைக்கு வந்து வந்து அவருக்கு 'இம்புட்டு' பழகிவிட்டிருந்தது.

மறுநாள் துறை அலுவலகத்தில் திருத்தம் நடந்தது. டைப்பிங் பிழைகளைச் சுரண்டுவதற்கு வைத்திருக்கும் அரை பிளேடை எழுத்தர் எடுத்துக் கொடுத்தார். பைண்டிங் பிரியாமல் அறுக்க வேண்டும் என்பதால் திருப்பரங்குன்றத்து அண்ணன் ஒவ்வொரு பிரதியையும் மேசைமேல் விரித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். பேராசிரியர் பக்கத்தில் நின்று சரிபார்த்தார். கேள்வியும் போனது, விடை என்றைக்கும் உள்ளே வந்ததில்லை. மிச்சமிருந்தது நூற்றுச் சொச்சம் பக்கத்துக்குப் பிழையில்லாத ஆங்கிலமும் என் கறுப்பு மையும். திருத்தங்கள் செய்யப்பட்டன என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். கல்லூரி திறக்கும் முன் பட்டம் வந்துவிடும் என்று எழுத்தர் உறுதி சொன்னார், சொன்னபடி வந்தது.

அறுத்த தாள்கள் மேசையில் கிடந்தன. ஆறு வருடத்தில் நானாக யோசித்த ஒரே விஷயம் அந்தக் கேள்வியும் அதன் விடையும்தான். பழையதாக இருந்தால் என்ன? எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதை என்ன செய்வது சார் என்று கேட்டேன்.

பேராசிரியர் தாள்களைச் சேர்த்து, விளிம்பைத் தட்டி ஒழுங்காக்கி, ரொம்பப் பெருந்தன்மையாக என்னிடம் நீட்டினார். "நீயே வச்சுக்கம்மா. அது உன்னோடதுதான."

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்து அழுதால் பக்கத்து சீட்டு அம்மா என்ன ஏது என்று கேட்பாள், அவளுக்கு டோட்டல் மாட்யூலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, காளவாசல் வரும்வரை நின்றே அழுதேன்.